மூக்கர் தேர்வு

மூக்கருக்கு வாசனை தெரியாமல் போய்ப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு அது தெரியவந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துத் திறந்து காட்டும் பொறுமை எனக்குக் கிடையாது. அந்தப் பதினெட்டு மாதமும் அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார், கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடினார், விஸ்கிக்கு மதிப்பெண் போட்டார். அவர் பேச்சை நம்பி ஊரில் பாதிப் பேர் பாட்டில் வாங்கினார்கள். ஏமாற்றுக்காரர் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவரைக் கவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் படிக்கிற கண்ணாடி வாங்க அவர் அங்கே வந்தார். அளவான உடம்பு, நரைத்த மீசை, சட்டைப் பையில் டெஸ்டர். லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னார். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"எழுத்து தெரியலையாண்ணே?"

"எழுத்தெல்லாம் தெரியுது தம்பி. இந்த அலமாரிக்குள்ள கரிப்புகை அடிச்ச விஸ்கி ஒண்ணு இருக்கு. மூடியைச் சரியாத் திருகலை. வீணாப் போயிடும்."

லென்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் துணியில் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்த பாட்டில் அது. என் மனைவி அந்த அலமாரியை வாரா வாரம் துடைக்கிறவள், அவளுக்கே தெரியாது. எனக்கு வேர்த்துவிட்டது. அன்று கண்ணாடிக்குப் பணம் வாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் நாங்கள் மூன்று பேர் கூடிக்கொண்டிருந்தோம். நான், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார். அவரோடு நான்கானோம். மூக்கர் என்று பெயர் வைத்தது வாத்தியார்தான். வைத்த நாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்களைக் குடிகாரக் கூட்டம் என்றுதான் தெருவில் நினைத்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. உண்மையில் நாங்கள் குடித்ததைவிட வாளியில் துப்பியது அதிகம். குடிக்கிறவனுக்கு இத்தனை சட்டதிட்டம் தாங்காது. முறை வைத்து ஒருவர் நான்கு பாட்டில் வாங்க வேண்டும். என்ன வாங்கினார் என்று மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது. மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் சின்ன மருந்துக் குப்பிகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, வெறும் எண் மட்டும் ஒட்டி, வியாழக்கிழமையே ஆளுக்கு நான்கு குப்பி கொடுத்துவிட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக மோந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஞாயிறு அன்று பாட்டில்கள் பழைய காலுறைகளை மாட்டிக்கொண்டு வரும். ஊற்றின கோப்பையின் வாசனை பறந்துவிடாமலிருக்க, அளவு தவறிப்போன கண்ணாடி லென்ஸ் ஒன்றை மேலே மூடி வைப்பேன். என் தொழிலில் கழிவுக்குப் பஞ்சமில்லை. மறுபடி ஒரு சுற்று மோந்து, ருசித்து, துப்பி, மதிப்பெண் எழுதி, காகிதத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

இந்தக் கடைசிச் சட்டம் மூக்கர் போட்டது. "ஒருத்தர் வாயைத் திறந்துட்டா மத்தவங்க மூக்கு மூடிக்கும்" என்பார். அது முழுக்க உண்மை. அவர் வருவதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் 'ஆகா' என்றால் நானும் 'ஆகா' என்பேன்.

காகிதங்களைத் திருப்பின பிறகுதான் காலுறை கழலும், விலை வெளியே வரும். வாத்தியார் மதிப்பெண்ணை விலையால் வகுத்து 'பெறுமானம்' என்று கடைசியில் ஒரு கட்டம் போடுவார். முதல் மாதமே மூக்கர் எங்கள் மானத்தை வாங்கினார். மருந்துக்கடைக்காரர் தன் கல்யாண நாளுக்கென்று வாங்கின, பட்டுத்துணி போட்ட பெட்டியில் வந்த பதினெட்டு வயது விஸ்கியை மூக்கர் கடைசியில் தள்ளினார். பச்சை மூடி போட்ட, கடையில் கீழ்த்தட்டில் தூசியோடு நிற்கிற மலிவுச் சரக்குக்கு இரண்டாம் இடம் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு தனியாக உட்கார்ந்து இரண்டையும் மோந்து பார்த்துவிட்டு, அவரே கடைக்குப் போய்ப் பச்சை மூடியில் ஒரு பெட்டி வாங்கி வந்தார்.

மூக்கருடைய தீர்ப்பு இரண்டே வகை. நன்றாக இருந்தால், "கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை." இல்லாவிட்டால், "காசைக் கரியாக்கிட்டோம்." வாத்தியார் போட்ட பட்டியலை யாரோ நகல் எடுத்தார்கள். அதை வேறு யாரோ நகல் எடுத்தார்கள். சில வருஷத்தில் மதுக்கடைக்காரனே கல்லாவுக்குப் பின்னால் ஒன்றை ஒட்டி வைத்துக்கொண்டான். "மூக்கர் இதுக்கு என்ன போட்டாரு?" என்று வாங்க வந்தவர்கள் கேட்டதை நானே நின்று கேட்டிருக்கிறேன்.

அவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு, தகரக் கூரைக்கு அடியில் போன வாழ்க்கை. லிஃப்ட் நின்றால் நாலு மாடியும் அவரைத் திட்டும். ஓடினால் அவர் முகம்கூட யாருக்கும் நினைவிருக்காது. அவர் குடியிருந்தது மூன்றாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கேட்டால், "வீட்லயும் வேலை பார்க்கச் சொல்றீங்களா?" என்று சிரிப்பார். மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். அவரை நான் அண்ணி என்பேன். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஒரு மனிதர் பேசி முடிக்கும்வரை நாலு பேர் வாயை மூடிக் கேட்ட இடம் அவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என் கடையின் பின்னறை.

பத்து நாள் காய்ச்சலில் படுத்தார். எழுந்தபோது மூக்கு போய்விட்டது.

சளி என்று ஒரு வாரம் இருந்தார். பிறகு எனக்கு முதன்முதலில் காட்டிக்கொடுத்த அந்தக் கரிப்புகை ரகத்தைத் திறந்து மோந்து பார்த்தாராம். தண்ணீர்க் குழாயை மோந்த மாதிரி இருந்ததாம். அண்ணி டாக்டரிடம் கூட்டிப்போனார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு எண்ணெய் வாங்கிக் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். எங்கள் மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்று மூக்கர் இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கினார். நான்கு மாதம் ஒரு வேளை தவறாமல் மோந்தார். ஒன்றும் வரவில்லை. இனிப்பும் உப்பும் கசப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தன. அதற்கு மேல் எல்லாம் வெறுமை.

வேலையிலும் அடி விழுந்தது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் பார்க்கப் போனவர், மோட்டாருக்குப் பக்கத்திலேயே கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வைண்டிங் கம்பி கருகிக்கொண்டிருக்கிறது. வாடை பிடித்துக் காவலாளி மாடியேறி ஓடிவந்து, "என்ன சார், இவ்வளவு தீய்ஞ்ச நாத்தம், சும்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கத்தியபோதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். கம்பெனியில் விசாரித்தார்கள். காரணத்தைச் சொல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டார். உதிரிபாகக் கிடங்கில் போட்டு போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்க வைத்தார்கள். முட்டிவலி, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று எங்களிடம் சொன்னார். நம்பினோம்.

வேலையில் விட்டதை ஞாயிற்றுக்கிழமையில் விட அவருக்கு மனசில்லை. அதற்கு வழி செய்தவர் அண்ணி.

விஸ்கி வாடையே ஆகாத மனுஷி அவர். வியாழக்கிழமை சாயங்காலம் சலவைக்கடையிலிருந்து வந்ததும் சமையலறை மேசையில் நான்கு குப்பிகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து, என்ன மாதிரி இருக்கிறது என்று சொல்வார். மூக்கர் எழுதிக்கொள்வார். நாக்கில் ஒரு சொட்டு விட்டு இனிப்பையும் காரத்தையும் இவர் சேர்த்துக்கொள்வார். சனிக்கிழமை முழுக்க அதை மனப்பாடம் செய்வார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மூக்காக இருந்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை மூக்கர் எல்லோரையும்போல உலர்ந்த திராட்சை, புகை, தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. ஒன்றை மோந்துவிட்டு, "ஈரத்துணி மேல இஸ்திரிப்பெட்டியை வெச்ச முதல் நிமிஷம்" என்றார். இன்னொன்றை, "பெட்டியில ரொம்ப நாள் இருந்த கோட்டு, பையில யாரோ ஆரஞ்சுத் தோலை மறந்துட்டாங்க." மறுபடி கோப்பையை எடுத்து மோந்தால், ஆமாம், அதேதான். வாத்தியார் தொடையில் தட்டினார். "மூக்கருக்கு வயசாக வயசாக மெருகு ஏறுதய்யா!" நான் அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எங்களில் மிகச் சிறந்த மூக்கு அந்த அறைக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை என்று எனக்குத் தெரியாது.

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. பிறகு பீப்பாய் வந்தது.

வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்து விற்கும் ஏஜெண்ட் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். சின்ன வடிசாலை ஒன்று முழுப் பீப்பாயாகவே தருகிறது. கலப்பு இல்லாமல் அந்த ஒரே பீப்பாயிலிருந்து இருநூறு பாட்டிலுக்கு மேல் வரும். மாதிரிகளிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் கடை விலையில் பாதி. வாத்தியாருக்குக் கை பரபரத்தது. பட்டியல் நகல் வைத்திருந்தவர்களிடம் விஷயம் பரவியது. மூக்கர் தேர்ந்தெடுக்கிறார் என்றதும் இருபத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

மாதிரிகளை வியாழக்கிழமை தருவதாகத்தான் பேச்சு. ஏஜெண்ட் ஞாயிறு மத்தியானம் மூன்று சீசாக்களோடு நேராக வந்து நின்றார். வேறு ஊரிலும் ஒரு கூட்டம் கேட்கிறது, ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்றார். அண்ணி ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம், போய்ப் பத்து நாளாகியிருந்தது.

மூக்கர் அன்றைக்கு நினைத்திருந்தால் தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று பலதடவை யோசித்திருக்கிறேன். இருபத்தாறு பேர் அவர் பெயரைச் சொல்லிப் பணம் கட்டக் காத்திருந்தார்கள். அந்த நாற்காலியிலிருந்து எந்த மனிதனாலும் எழுந்திருக்க முடியாது.

மூன்று கோப்பைகளில் ஊற்றினேன். முதலாவது வைக்கோல் நிறம். மூன்றாவது அதைவிடக் கொஞ்சம் தூக்கல். இரண்டாவது நல்ல கருஞ்சிவப்பு, கோப்பையைச் சுழற்றினால் எண்ணெய் மாதிரி மெதுவாக இறங்கியது. மூக்கர் மூன்றையும் மோந்தார். மூன்றையும் நாக்கில் வைத்தார். பார்த்துச் சொல்ல அவரிடம் மிச்சமிருந்தவை கண்ணும் நாக்கும்தான். இரண்டாவது பார்க்கவும் நன்றாக இருந்தது, இனிக்கவும் செய்தது.

காகிதம் எடுத்து வைக்கப் போனேன். ஏஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்து, "பேப்பர் எல்லாம் எதுக்குங்க? சார் சொன்னா போதாதா?" என்றார்.

மூக்கர், தானே போட்ட சட்டத்தைத் தானே மீறினார். "ரெண்டாவதுதான். பேச்சே இல்லை."

நான் அப்போதுதான் இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனேன். உலர்ந்த திராட்சைக்கு அடியில் ஏதோ ஒன்று. அணைத்த தீக்குச்சி. கொஞ்சம் பொறுத்தால் சூடேறின ரப்பர். லென்ஸால் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது. மருந்துக்கடைக்காரர் புருவத்தைச் சுருக்குவதைப் பார்த்தேன். வாத்தியார் மோந்த இடத்தையே மறுபடி மறுபடி மோந்தார். மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் தன் மூக்கில்தான் கோளாறு என்று நினைத்தோம். மூக்கருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது?

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

கும்பலில் கோவிந்தா. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஏஜெண்ட் கைகொடுத்துவிட்டுப் போனார்.

பாட்டில்கள் வந்துசேர நான்கு மாதமானது. அட்டையில் என்ன அச்சடிப்பது என்று கேட்டார்கள். வாத்தியார் 'மூக்கர் தேர்வு' என்று எழுதிக் கொடுத்தார். மொத்தச் சரக்கும் ஏஜெண்டின் கிடங்கில் இறங்கியது. முதல் பாட்டிலை நானே போய் எடுத்துவந்து, திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் மூக்கர் கையில் கொடுத்தேன். அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மகள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்க்கவில்லை.

அண்ணி பீப்பாய் எடுத்த மறுமாதமே ஊர் திரும்பியிருந்தார். அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் நடந்ததைப் பின்னால் சலவைக்கடை வாசலில் நின்று எனக்குச் சொன்னார். திறந்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூக்கர் பென்சிலோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். பாட்டில் மேல் அவர் பெயர்.

"எப்படித் தம்பி சொல்றது? முப்பது வருஷத்துல அவர் பேரை எங்கயாவது அச்சடிச்சிருக்காங்களா? மின்சார பில்லுகூட வீட்டு ஓனர் பேர்லதான் வருது" என்றார் அண்ணி.

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறார். புதுச் செருப்பு, திராட்சை, மழைக்கு முந்தின மண் என்று இல்லாததையெல்லாம் அடுக்கியிருக்கிறார். மூக்கர் எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்தார்.

திறப்பு விழாவுக்குப் பின்னறை போதவில்லை. கடையின் முன்பக்கத்தில், கண்ணாடிச் சட்டங்கள் மாட்டின சுவர்களுக்கு நடுவே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். மூக்கர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கோப்பையைத் தூக்கி, கண்ணை மூடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "புதுசாத் தைச்ச செருப்பு. உலர்ந்த திராட்சை. மழைக்கு முந்தின மண்ணு. கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை."

எல்லோரும் மோந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் பேக்கரிக்காரர் ஒருவர் இருந்தார். புதியவர், ஆறு பாட்டிலுக்குப் பணம் கட்டியவர், எங்கள் சட்டதிட்டம் ஒன்றும் அறியாதவர்.

"என்னங்க இது? தீப்பெட்டி நாத்தம் அடிக்குதே" என்றார்.

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "நான் என் சளின்னு நினைச்சேன்" என்றார். பிறகு அணை உடைந்த மாதிரி ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். டயர் எரிஞ்ச நாத்தம், அழுகின முட்டை, பட்டாசு. வாத்தியார் சமாளிக்கப் பார்த்தார். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

மூக்கர் கோப்பையை மறுபடி மூக்கில் வைத்தார். எடுத்தார். வைத்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, இல்லாத ஒன்றைத் தேடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. அடிக்குதா?"

"கொஞ்சம் அடிக்குதுண்ணே."

"அன்னிக்கும் அடிச்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வேண்டாத நேரத்தில் எனக்கு உண்மை வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "அடிச்சுது" என்றேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்து, பக்கத்திலிருந்த லென்ஸை எடுத்துப் பழக்கதோஷத்தில் மேலே மூடினார். "எனக்கு மூக்கு போய்ப் பதினெட்டு மாசம் ஆச்சு. மன்னிச்சிடுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. வழிவிட்டார்கள். பாதி இறக்கின ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார்.

பணம் போனவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், அது நியாயம்தான். சிலர் பாட்டிலை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். சிலர் சோடாவில் கலந்து குடித்துத் தீர்த்தார்கள். மதுக்கடைக்காரன் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலைக் கிழித்தான். எல்லாம் இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. பணம்தானே, போனால் போகிறது.

அவர் அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் கேட்ட கேள்விகள் மூன்று. அண்ணி விரலை மடக்கி எனக்குச் சொன்னார்.

"நாத்தம் அடிக்குதா?"

"அடிக்குது."

"முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"மத்ததெல்லாம் நிஜம்தானே? இத்தனை மாசமும் சொன்னது?"

அண்ணி மகள் மேல் சத்தியம் செய்திருக்கிறார். அவர் நம்பினதாகத் தெரியவில்லையாம். அத்தனையும் நிஜம். என்னிடம் நோட்டு இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் மோந்து பார்த்தவன் நான். போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை அந்தக் கட்டடத்தின் வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மூன்றாவது தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியேறினேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். மூக்கர் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்றார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அறையில் கொடி கட்டி ஏழெட்டுச் சட்டைகள் தொங்கின, எல்லாமே ஈரம். தன் மேல் வேர்வை வாடை இருக்கிறதோ என்று ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றுகிறாராம். இல்லை என்று அண்ணி சொன்னாலும் கேட்பதில்லையாம். அடுப்பு வால்வை மூடினதை நாலு தடவை தொட்டுப் பார்க்கிறார். கடையில் எதை வாங்கினாலும் தேதி அச்சடித்ததை மட்டும்தான் வாங்குகிறார்.

நோட்டை எடுத்துச் சென்றிருந்தேன். அதை நீட்டி, "அண்ணே, இதுல இருக்கிறது அத்தனையும் உண்மை. நானே மோந்து பார்த்திருக்கேன்" என்றேன்.

வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். படித்த மாதிரித் தெரியவில்லை. "டீ குடிங்க" என்று எழுந்து சமையலறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அண்ணி பாத்திரத்தில் ஊற்றி வைத்திருந்த பாலை அடுப்பில் வைக்கப் போனார். மூக்கர் கையை நீட்டித் தடுத்தார்.

"காலையில வாங்கினதுதான். நல்லா இருக்குங்க" என்றார் அண்ணி.

அவர் பாத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க பாருங்க தம்பி."

மோந்து பார்த்தேன். புதுப் பால். இவ்வளவு சரியாக என் வாழ்க்கையில் நான் எதையும் மோந்ததில்லை. மூன்று தடவை மோந்தேன். "நல்லா இருக்குண்ணே. சுத்தமா இருக்கு" என்றேன்.

"அன்னிக்கும் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க."

பாத்திரத்தை வாங்கி, தொட்டியில் கவிழ்த்தார். முழுவதும் போகிறவரை பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க மேல கோவம் எல்லாம் இல்லை" என்றார் மூக்கர், குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. "எனக்கு ரெண்டு மூக்கு இருந்துச்சு. வீட்ல ஒண்ணு, உங்க கடையில ஒண்ணு. ரெண்டும் என் மேல பாசம் வெச்சிருச்சு."

அதே பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். பால் இல்லாத டீயை மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.